குயவனும் புற்றும்: ஈசுவர அனுமானத்தைப் பற்றி ஒரு விசாரணை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



சமய நம்பிக்கையை ஆதரித்தும் மறுத்தும் தத்துவ ஞானிகள் கூறிய வாதங்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைப் பணித்தபோது எனக்கு அச்சம் உண்டாயிற்று. பொருளின் பெருமை அதற்கு ஒரு பாதிக் காரணம்; மறுபாதிக் காரணம், இப்பொருளைப் பற்றி இரு கட்சியாரும் மேடைதோறும் முழங்கக் கேட்டுப் பழகிய செவிகள், பேச எழுந்தவன் எந்தக் கட்சி என்பதை முதல் ஐந்து நிமிடங்களுக்குள் நிச்சயித்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தைத் தங்கள் நிச்சயத்துக்குச் சான்று தேடுவதிலேயே செலவிட்டுவிடும் என்பது. ஆகவே கட்சி கட்டுவதற்கு இடம் குறைந்த ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொண்டேன். ஈசுவரன் உளன் என்பதை அனுமானத்தால் நிறுவ முடியுமா என்று இந்நாட்டுத் தார்க்கிகர்கள் பல நூற்றாண்டுகள் நடத்திய வழக்கு அது.

நான் கூற வந்த கருத்து ஒன்றே. ஒரு நிரூபணம் வீழ்ந்தால் நம்பிக்கையும் வீழ்ந்தது என்றோ, நிரூபணம் நின்றால் நம்பிக்கையும் நின்றது என்றோ அவ்வழக்கில் வாதிட்ட பெரியோர் கருதவில்லை. எதிர்வாதம் ஒவ்வொன்றும், நம்பிக்கையாளர் கடவுள் என்று எண்ணிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சிறிய உருவத்தை உடைத்தது. அவ்வாறு உடைத்தவர்களுள் மிக வல்லவராக நான் கருதும் ஒருவர், திருவரங்கத்தில் நாள்தோறும் பெருமாளைச் சேவித்து வந்தவர்.

1. முதலில் சொற்களைச் சீர்செய்துகொள்ள வேண்டும். ஆஸ்திகன் என்றால் கடவுளை ஒப்புபவன், நாஸ்திகன் என்றால் ஒப்பாதவன் என்று இன்று நாம் வழங்குகிறோம். பாணினியின் சூத்திரத்தையும் அதன் உரைகளையும் பார்த்தால், மறுமை உண்டு என்னும் மதியுடையவன் ஆஸ்திகன். இல்லை என்னும் மதியுடையவன் நாஸ்திகன். மனுவோ வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்றார். இரண்டிலும் ஈசுவரனைப் பற்றிய பேச்சே இல்லை. இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால்தான், வேதத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் காவல் நின்ற மீமாம்சகர் உலகைப் படைத்த ஈசுவரனை மறுத்ததும், பழைய சாங்கியர் அவ்வாறே மறுத்தும் வைதிகராகவே எண்ணப்பட்டதும், துறவிலும் தவத்திலும் எவருக்கும் குறையாத சமணரும் பௌத்தரும் சிருஷ்டிகர்த்தா ஒருவனை ஒப்பாமலே சமயம் வளர்த்ததும் நமக்கு விளங்கும். தமிழில் நீலகேசி என்னும் சமண நூலின் தலைவி சமயவாதிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று வெல்கிறாள். பூதவாதியையும் அவள் விட்டுவைக்கவில்லை. கடவுட் படைப்பை ஒப்பாத அவள், உயிரை ஒப்பாதவனோடு மல்லுக்கு நிற்கிறாள். சமய நம்பிக்கை வேறு, சிருஷ்டிகர்த்தாவில் நம்பிக்கை வேறு என்பது இந்நாட்டில் சிறு பிள்ளையும் அறிந்த வேறுபாடாக ஒரு காலத்தில் இருந்திருக்கவேண்டும்.

2. நியாய மரபினராகிய நையாயிகரின் வாதம் குடத்திலிருந்து தொடங்குகிறது. குடம் ஒரு காரியம், அதாவது முன் இல்லாதிருந்து பின் தோன்றியது. குடத்துக்குக் கர்த்தா உண்டு. மண்ணையும் மலையையும் முளையையும் உள்ளிட்ட உலகமும் காரியமே. ஆதலால் அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. கர்த்தா என்பதற்கு அவர்கள் கூறிய இலக்கணம் நுட்பமானது. உபாதானமாகிய மண்ணை நேரே அறியும் அறிவும், செய்யவேண்டும் என்னும் இச்சையும், செய்வதற்கான முயற்சியும் ஆகிய மூன்றும் எவனிடம் கூடுகின்றனவோ அவனே கர்த்தா. உலகின் உபாதானம் பரமாணுக்களாதலால், அவற்றை நேரே அறியும் அறிவு நம் போன்றாருக்கு இல்லை. அறிபவன் ஒருவன் இருந்தாக வேண்டும்.

இவ்வாதத்தின் கொடுமுடி, மிதிலை நாட்டில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உதயனரின் நியாய குஸுமாஞ்சலி. ஐந்து கொத்துகளாகத் தொடுத்த அந்நூலின் இறுதிக் கொத்தில் ஈசுவரனை நிறுவும் ஹேதுக்கள், அதாவது காரணங்கள், அடுக்கப்படுகின்றன. அவற்றுள் எனக்கு மிகவும் இனியது, தார்க்கிகர்கள் அவ்வளவாகப் போற்றாத ஒன்று. நெய்தல், வனைதல் முதலிய தொழில்கள் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் வழிவழியாக வருகின்றன. அவ்வழிக்குத் தொடக்கத்தில், பிறரிடம் கல்லாமலே கற்பித்த ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்கிறார் அவர். குடத்தைக் காட்டிக் குயவனைத் தேடத் தொடங்கிய வாதம், ஆதியில் ஈசுவரனே குயவனாக இருந்து வனையக் கற்பித்தான் என்று வந்து நிற்கிறது. சதருத்திரீயத்தில் குயவர்களுக்கு வணக்கம் கூறும் மந்திரம் ஒன்று உண்டு என்பதைச் சிவாலயத்தில் ருத்திரம் கேட்டவர்கள் அறிவார்கள்.

என் ஊர் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தது. அங்கே குயவரை வேளார் என்போம். ஐயனார் கோயிலில் பூசை செய்பவரும் அவரே. புரவியெடுப்புக்கு ஊரார் பிடிமண் கொடுத்தால் மண்குதிரை செய்து தருபவரும் அவரே. தர்க்கசங்கிரகத்தை அப்போதுதான் பாடம் கேட்டு முடித்திருந்த இளமைச் செருக்கில், விடுமுறைக்கு ஊர் சென்ற நான், சக்கரத்தின் முன் அமர்ந்திருந்த முதிய வேளாரிடம், இந்தக் குடத்துக்குக் கர்த்தா நீர்தானே என்னும் பொருள்பட ஏதோ கேட்டேன். அவர் சக்கரத்தை நிறுத்தாமலே, "நானா, தம்பி? மண்ணை மிதிச்சது எம்மவன். தட்டித் தட்டி உருவாக்குறது வீட்டுல இருக்கவ. வேகவைக்கிறது சூளை. நான் கழுத்தைத் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான்" என்றார். அதைப் பணிவு என்று அன்று எண்ணிக்கொண்டேன். அது ஒரு பூர்வபட்சம், அதாவது எதிர்வாதம், என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குப் பின்னர் வருகிறேன்.

3. உதயனருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னரே குடத்தின்மீது முதற்கல்லை எறிந்தவர் பௌத்தராகிய தர்மகீர்த்தி. தென்னாட்டிற் பிறந்தவர் என்று திபெத்திய மரபு அவரைக் கூறும். பிரமாணவார்த்திகம் என்னும் தம் நூலில் அவர் செய்வது, கர்த்தா இல்லை என்று முழங்குவதன்று. ஒரு சொல் எவ்விதம் நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் காட்டுகிறார், வேறொன்றும் செய்யவில்லை.

கோயில் ஒன்றைக் காண்கிறோம். கட்டியவனைக் கண்டதில்லையாயினும், கட்டியவன் உண்டு என்று ஐயமின்றி அறிகிறோம். ஏன்? அத்தகைய அமைப்பு ஆள் இருந்தால் உண்டாவதையும் இல்லாவிட்டால் உண்டாகாமையையும் முன்னரே கண்டிருக்கிறோம். மலைக்கும் ஓர் அமைப்பு உண்டுதான். ஆனால் மலையைப் போன்ற ஒன்றை எவரேனும் செய்யக் கண்டதுண்டா? கோயிலுக்கும் மலைக்கும் பொதுவாயிருப்பது அமைப்பு என்னும் சொல்லே. பொருளால் அவை இனம் ஒவ்வாதவை. புகை வெண்மை கலந்த நிறமுடையது. புகையால் தீயை அனுமிக்கிறோம். அதுகொண்டு வெண்ணிறமான எதைக் கண்டாலும் அங்கே தீ உண்டு என்பானை என்னென்பது? சொல்லின் பொதுமையைப் பொருளின் பொதுமையாகக் கொண்டால், குடமும் மண்ணின் விகாரம், புற்றும் மண்ணின் விகாரம் ஆதலால், புற்றையும் குயவனே வனைந்தான் என்று சாதித்துவிடலாமே என்கிறார் அவர்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நம்மவர் சொல்வதுண்டு. இங்கோ கறையான் எடுத்த புற்றுக்குக் குயவன் பட்டா வாங்குகிறான். இந்த எடுத்துக்காட்டின் கூர்மையை நம் நாட்டு மண்ணில் நடந்தவர்களே முழுதும் உணர்வர். ஆளுயரம் நின்று, உள்ளே அறைகளும் வழிகளும் அமைந்து, கோபுரமோ என்று மயங்கும்படி எழும் புற்று, வரைபடம் அறியாத சிற்றுயிர்களால், தலைமைக் கொத்தன் ஒருவனும் இன்றி எழுகிறது. 1859இல் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய பின்னரே அமைப்பிலிருந்து அமைப்பாளனை அனுமிக்கும் வாதம் ஆட்டங்கண்டது என்று மேனாட்டு நூல்களைப் படித்துவிட்டு நம் மாணவர்கள் எழுதுகிறார்கள். டார்வின் காட்டிய வழிமுறை வேறு. தர்மகீர்த்திக்கு அது தெரியாது. ஆனால் அறிவுடையோன் ஒருவன் இன்றியும் ஒழுங்கு தோன்றக்கூடும் என்னும் ஐயம் பிறப்பதற்கு அவருக்கு ஒரு புற்றே போதியதாயிற்று. அதே புற்றுக்கு நம் பெண்மக்கள் பாலும் முட்டையும் வைத்து வணங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்கள் அங்கே கர்த்தாவை அனுமிக்கவில்லை. ஆகையால் தர்மகீர்த்தியின் கண்டனம் அவர்களைத் தீண்டாது.

நையாயிகர் வாளாவிருக்கவில்லை. விதைப்பாரும் நீர் விடுவாரும் இன்றித் தானே முளைக்கும் காட்டுப்புல்லைக் காட்டி, இதற்குக் கர்த்தா எங்கே என்று வினவியபோது, அப்புல்லும் எங்கள் பட்சத்துள் அடங்கியது, எதைப் பற்றி வழக்கு நடக்கிறதோ அதையே எமக்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவது முறையன்று என்றார்கள். தர்க்க விதிப்படி இது சரியான விடை. ஆயினும், எந்த எதிர்ச்சான்றைக் காட்டினாலும் அதை விழுங்கிவிடும் அளவுக்கு வயிறு பெருத்த ஒரு பட்சத்தை வைத்துக்கொண்டு வழக்காடுபவர் வெல்லும் வெற்றி, எனக்கு என்றும் முழுநிறைவு தந்ததில்லை.

4. மீமாம்சகராகிய குமாரில பட்டரின் வினா வேறு திசையிலிருந்து வருகிறது; அதை விரைந்து கூறிவிடுகிறேன். சுலோகவார்த்திகத்தில் அவர் கேட்பது நோக்கத்தைப் பற்றி. பயன் கருதாமல் பேதையும் ஒரு செயலில் இறங்கான். ஈசுவரன் எதைக் கருதி உலகைப் படைத்தான்? குறை நிரப்புவதற்கு என்றால் அவன் நிறைந்தவன் அல்லன். கருணையால் என்றால், சிருஷ்டிக்கு முன் உயிர்களும் இல்லை, துயரும் இல்லை, கருணைக்குரியவர் யார்? கருணையால் படைத்தான் எனில் இன்பமயமான உலகையன்றோ படைத்திருப்பான்? அவரவர் கர்மத்துக்கேற்பப் படைத்தான் என்றால், கர்மமே போதுமே, இடையில் ஈசுவரன் எதற்கு?

நோயுற்ற குழந்தையின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்த எந்தத் தாய்க்கும் இவ்வினா புதிதன்று. இதற்கு நம் சைவ சித்தாந்திகள் தந்த விடை, உயிரும் அதைப் பற்றிய ஆணவ மலமும் அநாதி, படைப்பு அம்மலம் பரிபாகமுறுவதற்கு இறைவன் தரும் களம் என்பது. அவ்விடையில் கவனிக்கத்தக்கது, இறைவனுக்குப் பெருமை கூட்டும்பொருட்டு அவனே எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கினான் என்று கூறும் ஆசையை அவர்கள் துறந்தமை. குமாரிலரின் வினாவுக்குமுன் அந்த ஆசை நிலைக்காது. ஓர் உருவம் உடைந்தது.

5. இனி, தொடக்கத்தில் நான் குறித்த ஆசாரியரிடம் வருவோம். ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மத்தை அறிவதற்குச் சாத்திரமே காரணம் என்னும் மூன்றாம் பிரம்மசூத்திரத்துக்கு உரை செய்யும் இராமாநுசர், நையாயிகரின் ஈசுவர அனுமானத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நாஸ்திகன் செய்வதினும் பொறுமையாக, இழை இழையாகப் பிரிக்கிறார்.

உலகம் காரியம் என்பதை ஒப்புவோம். அது ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று யாது? நிலம் ஒரு காலத்திலும் கடல் ஒரு காலத்திலும் மலை ஒரு காலத்திலும் வெவ்வேறு கர்த்தாக்களால் ஆகியிருக்கலாகாதா? தேரும் மாளிகையும் பலர் கூடிச் செய்யக் காண்கிறோமே. இத்தகைய பெருங்காரியங்களைச் சீவர்கள் செய்ய வல்லவரல்லர் என்பீராயின், புண்ணிய மிகுதியால் வியத்தகு ஆற்றல் பெறும் சீவர்கள் உண்டு என்பதை நீரும் ஒப்புகிறீர்; அவர்களே செய்திருக்கலாம் என்றால் உம்மால் மறுக்க இயலுமா? இன்னும், குடத்தைக் கொண்டு அனுமித்தால் கிடைப்பவன் குயவனைப் போன்றவனாகவே இருப்பான். உடலுடையவன், எல்லாம் அறியாதவன், எல்லாம் வல்லவன் அல்லாதவன். குயவனிடம் காணாத சர்வஞ்ஞத்துவத்தையும் உடலின்மையையும் எந்த வியாப்தியை, அதாவது மாறாத உடனிகழ்வைக் கொண்டு நீர் ஈசுவரனுக்கு ஏற்றுகிறீர்?

ஸ்காத்லாந்து தேசத்து ஹியூம் எழுதி, அவர் காலமான பின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூலில், வீடும் கப்பலும் பலர் கூடிச் செய்வன போல உலகையும் பல தேவர்கள் கூடிச் செய்திருக்கலாகாதா என்னும் வினா வருகிறது. மேனாட்டார் அதைப் பெரிதும் கொண்டாடுவர், கொண்டாடத்தக்கதே. ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய ஸ்ரீபாஷ்யத்தில் அவ்வினா எழுந்தது என்பதைச் சொல்லும்போது நம் சபைகளில் கைதட்டல் எழும் என்பதை நான் அறிவேன், தட்டவேண்டாம். யார் முந்தினார் என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஹியூம் தயங்கி வெளியிடாமல் வைத்திருந்ததை, இராமாநுசர் தம் சித்தாந்தத்தின் வாயிலிலேயே நிறுத்தினார் என்பதுதான் என் சிந்தையை ஈர்க்கிறது. ஒருவர் அக்கருத்தால் பழிக்கு ஆளாகலாம் என்று அஞ்சினார். மற்றவர் அதைத் தம் பக்திக்கு மதிலாகக் கட்டினார்.

எங்கள் ஊர் வேளார் சொன்னதை நான் நினைவுகூர்ந்தது இவ்வுரையைப் பயிலும்போதுதான். குடத்துக்கே கர்த்தா ஒருவன் அல்லன். மிதித்தவன் ஒருவன், தட்டியவள் ஒருத்தி, திருப்பியவன் ஒருவன். திருஷ்டாந்தமாகிய குடமே, நிறுவவேண்டிய சாத்தியத்தைக் கைவிடுகிறது. அவ்வேளார் மாலையில் கைகழுவிக்கொண்டு ஐயனாருக்கு விளக்கேற்றச் சென்றார் என்பதையும் நான் கண்டேன்.

இராமாநுசர் ஏன் இதைச் செய்தார்? அனுமானத்தால் கிடைக்கும் ஈசுவரன் அனுமானத்தின் அளவுக்கே இருப்பான் என்பதை அவர் கண்டார். எண்ணிறந்த கல்யாண குணங்களையுடைய நாராயணனைக் குடத்தின் வழியாக எட்ட முயல்பவன், வழியில் ஒரு பெரிய குயவனைச் சந்தித்து அவனையே நாராயணன் என்று வணங்கிவிடுவான். அந்தப் பிழையைத் தடுப்பதற்காகவே, தம் நம்பிக்கைக்கு அரணாகும் என்று பிறர் கருதிய ஒன்றைத் தாமே இடித்தார். இங்கிலாந்தில் 1802இல் பேலி என்னும் பாதிரியார் கடிகாரத்தைக் காட்டிக் கடிகாரம் செய்தவனை நிறுவியபோது, அவருக்கு இப்படி ஒரு நண்பர் வாய்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

6. இவ்விடத்தில் நேர்மையுள்ள கேட்போன் எழுந்து ஒரு வினாவை எழுப்புவான், எழுப்பவேண்டும். அனுமானத்தைக் கைவிட்டுச் சாத்திரத்தைப் பற்றினீர். சாத்திரம் பிரமாணம் என்பதற்கு எது பிரமாணம்? ஈசுவரன் அருளியதால் வேதம் பிரமாணம், வேதம் கூறுவதால் ஈசுவரன் உளன் என்றால் அது ஒன்றையொன்று பற்றிச் சுழலும் குற்றம். உதயனர் அனுமானத்தை விடாமல் பிடித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். இராமாநுசரோ, வேதம் எவராலும் செய்யப்படாதது, ஆதலால் செய்தவரின் குற்றங்கள் அதைப் பற்றா என்னும் மீமாம்சகரின் கொள்கைமேல் நிற்கிறார். இதிலுள்ள வியப்பைச் சற்று நின்று நோக்குங்கள்: ஈசுவரனை ஒப்பாத குமாரிலர் போன்றோர் கட்டிய அடித்தளத்தின்மேல் ஈசுவரனுக்கு ஓர் ஆலயம் எழுகிறது. ஆனால் ஒரு பௌத்தனோ சமணனோ, எவராலும் செய்யப்படாத வாக்கியம் என்பதே எனக்குப் பொருளற்ற பேச்சு என்றால், அவனுக்குத் தரக்கூடிய விடை என்னிடம் இல்லை. நம்பிக்கையின் பக்கத்தில் நிற்கும் நான், என் பக்கத்துச் சுவரில் உள்ள இவ்விரிசலை வெள்ளையடித்து மறைக்க விரும்பவில்லை.

மறுபக்கத்துச் சுவரும் பழுதற்றதன்று. காட்சி ஒன்றே பிரமாணம் என்னும் பூதவாதியை, சாத்தனாரின் காப்பியத்தலைவி மணிமேகலை வஞ்சி நகரில் சந்திக்கிறாள். அனுமானத்தை ஒப்பாவிட்டால், உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று அவள் அவனைக் கேட்கும் இடம், சாத்தனார் காட்டும் அந்நீண்ட சமய விசாரணையில் என் உள்ளத்தை விட்டு நீங்காதது. கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்பவனும், காணாத எத்தனையோ பேரின் சொல்லையும் எத்தனையோ அனுமானங்களையும் முதலாக வைத்துத்தான் வாழ்க்கையை நடத்துகிறான். அந்த வினா பூதவாதியை வீழ்த்துகிறது. ஆனால் ஈசுவரனை நிறுவுவதில்லை. மணிமேகலைக்கு அது வேண்டியதும் இல்லை; அவள் பௌத்தத்தை நோக்கிச் செல்பவள்.

இந்த வழக்கில் சைவ சித்தாந்தியாகிய மெய்கண்டார் எங்கே நிற்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய அவருடைய சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் காட்டி, ஒடுக்குபவனே முதல் என்று அனுமானத்திலேயே தொடங்குகிறது. அதுகொண்டு அவரை நையாயிகரோடு சேர்த்துவிடுவார் உண்டு. பன்னிரண்டாம் சூத்திரம்வரை படிக்கும் பொறுமை வேண்டும். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுவதில் நூல் முடிகிறது. அனுமானம் வாயிற்படி, படியில் நின்று படியின் வலிமையை அளந்துகொண்டே இருப்பவன் உள்ளே நுழைந்தவன் ஆகான், படியே இல்லாமல் உள்ளே சென்றவர்களும் உண்டு என்பதற்குப் பெரியபுராணம் முழுவதும் சான்று.

நான் உதயனரைக் குறைத்துப் பேசிவிட்டதாக யாரேனும் எண்ணினால், அவருடைய நூலின் முதலையும் முடிவையும் ஒருங்கே பார்க்கும்படி வேண்டுகிறேன். தொடக்கத்தில் அவர், எல்லோரும் ஏதோ ஒரு பெயரால் இவனையே போற்றுகிறார்கள், சைவர் சிவன் என்றும், பௌத்தர் சர்வஞ்ஞன் என்றும், கம்மாளரும்கூட விசுவகர்மா என்றும், என்று பெயர்களை அடுக்கி, இவ்வளவு பிரசித்தனான ஒருவனைப் பற்றி ஐயம் ஏது, விசாரணை எதற்கு என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, ஆயினும் இந்தத் தர்க்க விசாரணை கேட்டலை அடுத்து வரும் மனனம், இதுவும் ஓர் உபாசனை என்கிறார். தர்க்கத்தின் சக்கரவர்த்தி தம் தர்க்கத்தைப் பூசை என்கிறார். நூலுக்குப் பெயரும் மலரஞ்சலி.

முடிவில் அவர் செய்யும் பிரார்த்தனை இன்னும் வியப்பானது. இவ்வளவு சுருதியாலும் யுக்தியாலும் கழுவப்பட்ட பின்னும் யாருடைய கல்நெஞ்சில் உனக்கு இடமில்லையோ, அவர்களும் உன்னை மறுக்கும் முயற்சியில் உன்னையே ஓயாமல் சிந்தித்தவர்கள்தாம். கருணையுடையோனே, காலம் வரும்போது அவர்களையும் நீயே கரையேற்றவேண்டும் என்று வேண்டுகிறார். சிருஷ்டிக்கு முன் கருணைக்குரியவர் யார் என்று குமாரிலர் கேட்டார் அல்லவா? சிருஷ்டிக்குப் பின், அப்படிக் கேட்டவர்களையே கருணைக்குரியவர்களாக உதயனர் முன்னிறுத்துகிறார். இது விடையா, வாதத்தில் களைத்த ஒருவரின் குறும்பா என்பதில் எனக்கே இன்னும் துணிவு பிறக்கவில்லை. தலைவர் அவர்கள் கேள்விகளுக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதற்கேள்வி இதுவாக இருந்தால் மகிழ்வேன்.